பயந்துகொண்டே சம்மதித்தவர்

டயாலிசிஸ் அறையில் அக்கா பயப்படாத பொருள் ஒன்றும் கிடையாது. ஊசிக்கு எல்லோரும்தான் பயப்படுவோம். அக்காவுக்கு மிஷின் போடும் சத்தம் பயம். குழாயில் ஓடும் ரத்தத்தின் நிறம் பயம். கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் அந்த நாலு நொடி பெரிய பயம். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வடிகட்டியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கழுவி, பெயர் எழுதி வைத்திருப்பார்கள். டெக்னீஷியன் அதை எடுத்து மாட்டும்போது, "எம்பேருதான்னு நல்லாப் பாத்தீகளா?" என்று கேட்பார். அவர் திருப்பிக் காட்டுவார். அக்கா படிப்பார். இன்னொரு முறை படிப்பார். வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் இரண்டு வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். ஒரு நாள்கூட அக்கா அதைக் கேட்காமல் படுத்து நான் பார்த்ததில்லை.

ஊசி உள்ளே போகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு "பேடா, பேடா" என்று முணுமுணுப்பார். அவர்கள் வீட்டில் கன்னடம்; வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். எங்களிடம் பேசுவதெல்லாம் அருப்புக்கோட்டைத் தமிழ்தான். பயம் மட்டும் வீட்டு மொழியில் வரும்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். பாளையம்பட்டியில் வீடு. புருஷனும் பெண்டாட்டியுமாக விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள். தறிச் சத்தத்தில் தினமும் தலைவலி வரும். பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தறிக்குப் போவார். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிப் போட்டதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாக டாக்டர் சொன்னாராம். ஆள் ரொம்பச் சின்ன உடம்பு. முப்பத்தெட்டுக் கிலோ. கட்டிலில் படுத்தால் பாதிக் கட்டில் சும்மா கிடக்கும்.

எனக்கு வேறு மாதிரி. சின்ன லோடு வண்டி ஓட்டினேன். மல்லாங்கிணறு, காரியாபட்டி, விருதுநகர் என்று ராப்பகல் பார்க்காத ஓட்டம். ரத்தக்கொதிப்பு இருப்பதே தெரியாமல், அது சிறுநீரகத்தைத் தின்று முடித்த பிறகுதான் தெரிந்தது. ஊசி போடும்போது நான் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன். "தைரியம்னா அந்தத் தம்பி மாதிரி இருக்கணும்" என்று நர்சம்மா என்னைக் காட்டி அக்காவுக்குச் சொல்வார். அக்கா என்னைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டுவார். எனக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை. வீட்டில் சிறுநீரகம் கொடுப்பதற்குப் பொருத்தமான ஆள் இரண்டு பேருக்கும் இல்லை. அக்கா வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. என் பெண்டாட்டிக்கு ரத்தம் சேரவில்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைத்தால் கூப்பிடும்படி இரண்டு பேரும் ஒரே வாரத்தில் பதிந்து வைத்தோம். நான் திங்கட்கிழமை, அக்கா வியாழக்கிழமை. அதனால் வரிசையில் நான் முன்னே இருந்தேன்.

ஒரு காலையில் இரண்டு வீட்டுக்கும் போன் வந்தது. வெறும் வயிற்றோடு உடனே வரச் சொன்னார்கள். இப்படிக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புவதும் உண்டு என்பதால் ரொம்ப நம்பிக்கை வைக்கவில்லை. என் வண்டியிலேயே போனோம். அக்காவும் வீட்டுக்காரரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நாலுவழிச் சாலையில் லாரி ஏதாவது பக்கத்தில் வந்தால் போதும், "மெதுவா, தம்பி, மெதுவா" என்பார். காரியாபட்டி தாண்டும்வரை அதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை ஒரு அறையில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். கிடைத்திருப்பது ஒரு குழந்தையுடையது. இரண்டு வயது.

"இவ்ளோ சின்னப் பிள்ளையோட கிட்னி ஒண்ணு பெரியவங்களுக்குப் பத்தாது. அதனால ரெண்டையும் பிரிக்காம, பெரிய ரத்தக்குழாயோட சேத்து எடுத்து, ஒரே ஆளுக்கு வலது பக்க அடிவயித்துல வைக்கணும். குழாயெல்லாம் ரொம்ப மெல்லிசு. முதல் சில நாள்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா எடுத்துட வேண்டியதுதான். அந்த ஆபத்து பெரியவங்க கிட்னிய விட இதுல கூட. ஆனா அதைத் தாண்டிட்டா நல்லா வளரும். நல்லா வளந்ததுங்க ரொம்ப வருஷம் உழைக்கும்."

அப்புறம் என்னைப் பார்த்தார். "வரிசைப்படி முதல்ல உங்களைத்தான் கேக்கணும். ஆனா ஒண்ணு. உங்க உடம்பு கனம், பிரஷரும் கூட. சின்னக் கிட்னிக்கு அது சுமை. வேண்டாம்னு சொன்னா உங்க இடம் வரிசையில அப்படியேதான் இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. "எனக்குத்தான் பிரஷர் கூடவாச்சே, டாக்டர். அவுகளுக்குப் பாருங்க" என்றேன். அறையில் இருந்தவர்களுக்கு நான் விட்டுக்கொடுத்தது மாதிரி இருந்திருக்கும். அக்கா வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மை அதுவல்ல. இரண்டு வயது என்று டாக்டர் சொன்னதுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அதை உள்ளே வைத்து, நாலாம் நாள் கறுத்துப்போய் எடுத்துக் குப்பையில் போடுவார்கள் என்று ஒரு படம் மனசில் வந்தது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்க விரும்பவில்லை.

அக்கா அழத் தொடங்கிவிட்டார். உதடு "பேடா, பேடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர், "வேணாம்னா விட்ருவோம். ஊருக்குப் போவோம். மிஷின்லயே ஓட்டிக்குவோம்" என்றார். டாக்டர் எழுந்துகொள்ளப் போனார்.

"சார்" என்றார் அக்கா. "நான் வேணாம்னுட்டா அது என்ன ஆகும்?"

"வரிசையில அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். அவங்க வந்து, பொருந்தணும். நேரம் கொஞ்சம்தான் இருக்கு. இல்லேன்னா வீணாப் போயிடும்."

"பெத்தவுக மனசறிஞ்சு குடுத்துட்டாகளா?"

"குடுத்துட்டாங்கம்மா. அவங்களாத்தான் கேட்டாங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அவுகளே குடுத்துட்டாக. நான் எப்படி வேணாம்ங்கறது?" என்றார். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. நர்ஸ் வேறொரு தாள் கொண்டுவந்தார். அதிலும் எழுத்து கோணல்மாணலாகத்தான் விழுந்தது. பயம் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை. பயத்தோடேயே கையெழுத்துப் போட்டார்.

நான் தனியாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். மறுநாள் எனக்கு டயாலிசிஸ் முறை. பக்கத்துக் கட்டில் காலி. நர்சம்மா, "நல்லா ஆகிட்டா நமக்குச் சந்தோஷம்தானே" என்றார். ஆமாம் என்றேன்.

நாலாம் நாள் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். காலையிலிருந்து சிறுநீர் நின்றுவிட்டதாம். ஸ்கேனில் ரத்தக்குழாய் மடங்கியிருப்பது தெரிந்து, திரும்பவும் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். கடைசியில் சொன்னார்: "எடுத்துருவாக போலருக்கு, தம்பி."

அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நல்லவேளை, நான் வேண்டாமென்றேன் என்ற நிம்மதி. அதுமட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அது கெட்டுப்போனால் நான் பயந்தது சரி என்றாகும் என்று உள்ளே ஒரு மூலையில் எனக்கு ஆசை இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. என் மேலேயே எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

எடுக்கவில்லை. மடங்கிய குழாயை நேராக்கி, இடத்தைக் கொஞ்சம் மாற்றிவைத்துத் தைத்துவிட்டார்கள். சாயங்காலம் சிறுநீர் வந்ததாம். ஒரு வாரம் தினம் இரண்டு வேளை ஸ்கேன். ஸ்கேன் வண்டி உருண்டு வரும் சத்தம் கேட்டாலே அக்கா மூச்சை அடக்கிக்கொள்வாராம். ஸ்கேன் பார்க்கிற டாக்டரம்மா, "மூச்சு விடுங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல வேண்டியிருந்ததாம்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே வாடகை அறை எடுத்துத் தங்கிவிட்டு ஊருக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது. என்னை வாசலிலேயே நிறுத்தி, சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்னார். இருமல் இருக்கிறதா என்று கேட்டார். எட்டடி தள்ளி நாற்காலி போட்டார். டயாலிசிஸ் அறையில் இருந்த பயங்களெல்லாம் போய், அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பயங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரையும் கழிகிற சிறுநீரையும் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் அளந்து நோட்டில் எழுதினார். நாலு மாதத்துக்குத்தான் எழுதச் சொன்னார்கள். அக்கா நாலு வருஷம் எழுதினார். காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது மாத்திரைக்கு இரண்டு கடிகாரத்தில் அலாரம். ஒன்று நின்றுபோனால்? டவுன் பஸ்ஸில் ஏறினால் வலது பக்கம் யாரும் உட்காராத சீட்டாகப் பார்த்து உட்கார்வார். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினால் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவார். அவர் மகள் அப்போது பிளஸ் டூ படித்தாள். "அம்மா என்னையவே கட்டிப்பிடிக்க விடாது, மாமா" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிறுநீரகங்கள் வளர்ந்தன. ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் எனக்குப் போன் வரும். "தம்பி, இன்னும் ஒரு சென்டிமீட்டர் வளந்திருக்கு." அதைச் சந்தோஷச் செய்தியாகச் சொல்லத் தெரியாது அவருக்கு. "இப்படியே வளந்துக்கிட்டே போனா என்ன செய்றது? வயித்துல எடம் இருக்குமா?" டாக்டரிடமும் இதைக் கேட்டிருக்கிறார். உடம்புக்குத் தேவையான அளவுக்கு வளர்ந்து தானே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னாராம். ஒன்றரை வருஷத்தில் பெரியவர்களுடையது போலாகி, நின்றும்விட்டது. உடனே அக்காவுக்கு அடுத்த பயம்: "ஏன் நின்னுருச்சு?"

எனக்குச் சிரிப்பு வரும். ஒரு நாள் சிரித்தும்விட்டேன். "இம்புட்டுப் பயந்தா எப்படிக்கா? மறந்துட்டு நிம்மதியா இருங்க."

அக்கா கோபப்படவில்லை. "என்னோடதுன்னா மறந்துருவேன், தம்பி. தலைவலி மாத்திரையத் தின்னு என்னோடதக் கெடுத்தப்ப நான் பயந்தனா? இது ஒரு தாய் பெத்துக் குடுத்தது. இதையும் கெடுத்துட்டேன்னா அவுக மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அப்போதுதான் ஒரு செய்தித்தாள் துண்டைக் காட்டினார். குழந்தை யாருடையது என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் ஆபரேஷனுக்கு மறுநாள் செய்தியில் வந்துவிட்டது. திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாடிப்படியில் தவறி விழுந்த இரண்டு வயதுக் குழந்தை, பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள் என்று நாலு வரி. வீட்டுக்காரர் அதை ஒளித்துவைத்திருக்கிறார். அக்கா தேடி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து திருச்சுழி பஸ்ஸில் ஏறுவதில்லை. அந்தப் பக்கம் சொந்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தது. ஒன்றுக்குப் போகவே இல்லை. இன்னொன்றுக்கு ஊரைச் சுற்றி மூன்று பஸ் மாறிப் போனார். பஸ்ஸில் யாராவது வெள்ளந்தியான கிராமத்துப் பெண் தன்னையே பார்ப்பது போலிருந்தால் தலையைக் குனிந்துகொள்வாராம்.

இதற்கிடையில் எனக்கு அடுத்த அழைப்பு வந்தது. கட்டட வேலையில் இருந்த ஒரு பெரியவருடையது. இந்த முறை சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கும் நல்லபடியாக முடிந்தது. அக்காவும் நானும் ஒரே நாளில் மதுரைக்குப் பரிசோதனைக்குப் போய்வரத் தொடங்கினோம்.

நாலாவது வருஷம் ஒரு பரிசோதனையில் டாக்டர் அக்காவின் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அருமையா எங்க பேஷண்டுல ரொம்பப் பேருக்கு இல்லைம்மா. இனிமே மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்" என்றார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்த அக்கா ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த ஊருக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போறியா?"

கொடுத்தவர் வீட்டைத் தேடிப் போகக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததை ஞாபகப்படுத்தினேன். "யாருன்னு சொல்ல மாட்டேன். வீட்டப் பாத்துட்டு வந்துருவோம். கெட்டுப்போயிருந்தா நான் போகவே மாட்டேன். நல்லா இருக்கறப்பவே ஒருக்கா பாத்துரணும்" என்றார். நான் சரியென்றிருக்கக் கூடாது. சரி என்றேன்.

திருச்சுழி தாண்டினால் இரண்டு பக்கமும் வேலிக்கருவேலம். நடுவில் கரிமூட்டம் போட்ட புகை. கம்மாயில் தண்ணீர் இல்லை. அக்கா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் "திருப்பிரு" என்றார். திருப்பினேன். நூறு அடி வந்ததும் "இல்ல, போ" என்றார். மறுபடி திருப்பினேன். கடையில் விசாரித்ததில் வீடு தெரிந்தது. பகல் பதினோரு மணி இருக்கும். அக்கா வாசலில் போய் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

முப்பது வயதுகூட ஆகாத பெண் வெளியே வந்தார். உள்ளே ஒரு பெண் குழந்தை. ஒன்றரை வயது இருக்கலாம். அதன் இடுப்பில் பழைய சேலைத்துணி ஒன்றைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருந்தது. துணி நீளும் அளவுக்குத்தான் அது நகர முடியும். அது கட்டிலைப் பிடித்து நின்று எங்களைப் பார்த்து மிரண்டது.

தண்ணீர்ச் செம்பைக் கொடுத்த பெண், எங்கள் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார். "நீங்களும் திட்டாதீக" என்றார். "வாரவுக போறவுக எல்லாம் திட்டுறாக. மாட்டக் கட்டுற மாதிரி கட்டிருக்கேனாம். மூத்தவன் படியில விழுந்துதான் போயிட்டான். ஒரு நிமிசந்தேன் நான் திரும்புனது. இவ இன்னும் நடக்கலை. நடக்க விடவே எனக்குப் பயமா இருக்கு."

அக்கா செம்பைக் கீழே வைத்தார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அக்கா உள்ளே போய் அந்தக் குழந்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நான் திட்ட மாட்டேன்மா. நானும் எல்லாத்துக்கும் பயந்தவதான். நீ அவுத்து விடு. நான் பின்னாடியே போறேன். நீயும் பாத்துக்கிட்டே இரு."

அந்தப் பெண் யோசித்தார். யாரென்றே தெரியாத ஆள். ஆனால் அக்காவின் முகத்தில் என்ன பார்த்தாரோ, குனிந்து முடிச்சை அவிழ்த்தார். குழந்தை உடனே நகரவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றது. அப்புறம் கையை விட்டு ஓர் அடி வைத்தது. அக்கா இரண்டு கையையும் அதன் இரண்டு பக்கமும் தொடாமல் விரித்துக்கொண்டு, குனிந்தபடி, பின்னாலேயே போனார். மூன்றாம் அடியில் குழந்தை சாய்ந்து, முழுக்கனத்தோடு அக்காவின் வலது இடுப்பில் மோதியது. நான் "அக்கா" என்றேன். அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பிடித்து நிமிர்த்தி, மறுபடி விட்டார். வாசலில் இருக்கிற வேம்புவரை போய்த் திரும்பி வர அரைமணி நேரம் ஆனது. தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பெண்களின் நெற்றியிலும் வியர்வை வழிந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார். "யாரு எவருன்னே நான் கேக்கலை. எந்த ஊரு நீங்க?"

"பாளையம்பட்டி. ஒடம்பு முடியாம சாகக் கிடந்தேன். யாரோ செஞ்ச புண்ணியத்துல பிழைச்சேன்."

அந்தப் பெண் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"இப்ப நல்லா இருக்கீகளா?"

"நல்லா இருக்கேம்மா."

"மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுறீகளா?"

அக்கா மாத்திரை என்று ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. "போடுறேன்மா. ஒரு வேள தவறுனதில்ல" என்றார்.

அந்தப் பெண் உள்ளே போனார். கட்டில் காலில் கிடந்த துணியை அவிழ்த்துச் சுருட்டிக் கொடியில் போட்டார். அப்புறம், "அடுத்த வாரமும் வாங்கக்கா" என்றார். "இவளுக்கு நடந்து பழகணும்."